இரண்டாம் கியரில் அப்பா

இன்னொரு தடவை பண்ணு என்கிறார் மெக்கானிக் இருதயராஜ் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு, கிரீஸ் அப்பிய கைகளை முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கச்சேரியில் முன்வரிசை கிடைத்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பண்ணுகிறேன். ட்ர்ர், கடக், சலங். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு அப்பா மாற்றும்போது வண்டி போடுகிற சத்தம். ட்ர்ர் நாக்கு நுனியில் வர வேண்டும், கடக் தொண்டைக்கும் அண்ணத்துக்கும் நடுவில், சலங் மூக்கில், செயின் ஒரு துள்ளுத் துள்ளி இழுக்கிற சத்தம் அது, அதை விட்டுவிட்டால் வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும். என்னிடம் நாற்பத்து மூன்று குரல் இருக்கிறது. தும்மி முடித்த கையோடு எங்கள் ஹெட்மாஸ்டர் சொல்கிற சைலன்ஸ் இருக்கிறது. ரேஷன் கடை அக்காவின் பாமாயில் வரலை இருக்கிறது. கழுகுமலை பஸ் கண்டக்டர், இந்தக் கடைக்கு எதிரே ரயில்வே கேட் மூடும்போது அடிக்கிற மணி, ஊசியைப் பார்த்த கிடா, ஊசி போட்ட பிறகு அதே கிடா. பின்பெஞ்சில் குனிந்துகொண்டு ஹெட்மாஸ்டர் குரலில் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னதில், பத்தாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் போயிருக்கிறது, கடைசியில் நானும் அவர்களோடு போய்விட்டேன், அவ்வளவு நம்புகிற மாதிரி இருந்தது. ஆனால் இருதயராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது அவரே ஏறி கேட்டைத் தாண்டி மூன்று தடவை போய் வந்தார், ஒரு சத்தம் இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. நான் ஓட்டினா வரல தம்பி, உங்க அப்பா வந்து ஓட்ட முடியாது, அப்ப நீ வாயால போட்டுக் காட்டு என்றார். போட்டேன். அன்றைக்குச் சிரித்தார். இன்றைக்கு இன்ஜினைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பி வைத்துவிட்டு மறுபடியும் கேட்கிறார், சிரிக்கவில்லை. அந்த முன்னால வருதே, சின்னதா, ட்ர்ர்னு, அத மட்டும் போடு என்கிறார். அதை மட்டும் போடுகிறேன். தனியாகக் கேட்டால் அது வண்டி சத்தம் மாதிரியே இல்லை. யாரோ எதையோ இறுக்கிப் பிடிக்கப் பார்த்து முடியாமல் விடுகிற மாதிரி இருக்கிறது.

கிளட்ச் முழுசா விலகலேன்னா அப்படி வரும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஆயில் டப்பாவில் கையை விட்டு எதையோ தேடுகிறார். நான் சாக்கைப் பார்க்கிறேன். அப்பா வயிற்றைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி, சீ, என்ன நினைப்பு இது, அப்பாவுக்குத் திறந்தது கழுத்து. மதுரை டாக்டர் குரலும் என்னிடம் இருக்கிறது, நாற்பத்து நான்காவது, யாரிடமும் செய்து காட்டியதில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் பேனா மூடியை ஒரு தடவை திறந்து மூடுவார். எத்தனை, டிக், மாசமா, டிக், கை இப்படி இருக்கு. அப்பா ரெண்டு மாசம் என்றார். கழுத்து எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கிக்கொண்டு இருக்கிறது, ரெண்டு மாசத்தில் இவ்வளவு ஆகாதே என்றார் டாக்டர். கையில் பிடிமானம் குறைஞ்சது எப்போ, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அப்பவே வந்திருந்தா காலாவது மிஞ்சியிருக்கும். அப்பா யோசிக்கவில்லை, உடனே சொன்னார், ரெண்டு மாசம்தான் சார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன். தை மாதம் ஆபரேஷன், இப்போது பங்குனி, அப்பா கழுத்துப் பட்டையோடு கட்டிலில் கிடக்கிறார், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, இடது கை போய்விட்டது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் போர்வையைச் சுரண்டும். கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் செந்தட்டி என்றால் சங்கரன்கோவிலைச் சுற்றி முப்பது கிராமத்தில் மாட்டுக்கே தெரியும், ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு போய் முரட்டுக் காளையை ஒற்றைக் கையில் மூக்கணாங்கயிற்றோடு நிறுத்துவார். அந்தக் கைதான். அம்மா விடவில்லை. கஞ்சி ஊட்டும்போது, துணி மாற்றும்போது, விளக்குப் போடும்போது, எப்பவும் அதே பேச்சு. ஆடியிலயே உமக்குக் கை போச்சு, டம்ளர் நழுவுச்சு, பூப் பொட்டலம் நழுவுச்சு, நீரு மறைச்சுட்டீரு, சொல்லியிருந்தா இழுத்துட்டுப் போயிருப்பேம்லா. அப்பாவுக்கு ஒரே பதில்தான். என் கைக்கு ஒண்ணும் இல்ல, வண்டிதான் கோளாறு, கியர் இறுகி இறுகி எனக்குக் கை வலிச்சுது, அவ்வளவுதான், கார்த்திகை வரைக்கும் என் கை நல்லாத்தான் இருந்துது. அம்மா அழுவாள். அப்பா கூரையைப் பார்ப்பார். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார், ஏலே அருஞ்சுனை, வண்டிய இருதயத்துகிட்ட விடு, இன்ஜினைப் பிரிக்கச் சொல்லு, கியர்ல கோளாறா இல்லையான்னு பாத்துச் சொல்லட்டும், அத உங்க அம்மைகிட்ட வந்து சொல்லு. அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வண்டியில் கோளாறு இருந்தால் அப்பா மறைக்கவில்லை, தாமதம் யாராலும் இல்லை, எலும்பு தன் பாட்டுக்கு நகர்ந்தது. வண்டியில் கோளாறு இல்லையென்றால். இல்லையென்றால் என்று நினைக்கும்போதே ட்ர்ர் என்கிறது எனக்குள்.

இருக்க வேண்டும். கோளாறு இருந்தே ஆக வேண்டும். ஆயில் குடித்ததே, அது பொய்யா. முன்னெல்லாம் ஆயில் மாற்றினால் மறுபடி மாற்றுகிற வரைக்கும் ஆயில் அளக்கிற குச்சியில் கோடு அப்படியே நிற்கும், ஆவணியில் பாதி இறங்கியது, புரட்டாசியில் குச்சி நுனியில் சொட்டு மாதிரி நின்றது, அப்பா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அரை லிட்டர் ஆயில் பாட்டிலைச் சொருகிக்கொண்டே போவார், ஆட்டுக்கு ஊசி, வண்டிக்கு ஆயில். பின்னால் நீலமாகப் புகை. பனவடலிச்சத்திரம் பக்கம் பிள்ளைகள் கொசு மருந்து வண்டி வருது என்று பின்னாலேயே ஓடி வரும், நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கொசு மருந்து மெஷின் சத்தமும் போடுவேன், அப்பா முதுகு குலுங்கும், சிரிக்கிறார் என்று தெரியும். ஏன் இவ்வளவு இரைச்சல், ஏன் மெதுவாகப் போகிறோம், வண்டி கத்துகிறது ஆனால் நகரவில்லையே என்று ஒரு நாளும் கேட்கவில்லை நான். அந்தக் கத்தலையும் எடுத்துக்கொண்டேன். பள்ளி ஆண்டு விழாவில், கார்த்திகையில், எங்கப்பா வண்டி என்று ஒரு ஐந்து நிமிடம் செய்தேன். உதை, உதை, உதை, ஸ்டார்ட், முக்கல், ட்ர்ர் கடக் சலங், அப்புறம் ஊய்ய்ய் என்று உயிர் போகிற மாதிரி ஒரே சுருதியில் அலறல், நடுவில் ஒரு ஆடு முந்திப் போகிறது, ம்மே. பந்தல் ஆடியது. அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா வலது கையால் தொடையைத் தட்டினார். தொடையைத்தான் தட்டினார், நான் மேடையிலிருந்து பார்த்தேன், பார்த்தது ஞாபகம் இருக்கிறது, இரண்டு கையும் சேரவில்லை, நான் அதை ஒரு பாணி என்று நினைத்தேன், அப்பா தட்டுகிற பாணி, இதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கூட நினைத்தேன்.

ஆரம்பித்தது நான்தான். அதை நினைக்காமல் இருக்கத்தான் மற்றதெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சுற்றிச் சுற்றி வந்து இங்கேதான் காலை வைக்கிறேன். ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு, சங்கரன்கோவில் தெருவெல்லாம் கூட்டம், அப்பா, நடுவில் நான், பின்னால் அம்மா. கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி போகிறது, கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் போரடித்தது. அப்பா கால் கியரை மிதிக்கிற நேரம் பார்த்து அவர் காதுக்குப் பின்னால் கடக் என்று போட்டேன். அப்பா வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து பார்த்தார். செயினைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஏறினோம், மறுபடி கடக். மூன்றாவது தடவை ஓரம் கட்டும்போது அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டதில் மாட்டிக்கொண்டேன். சவத்து மூதி, நீதானாலே என்று தலையில் ஒரு குட்டு. அவ்வளவுதான் நடந்தது. அத்தோடு நான் விட்டிருப்பேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, நான் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், வாயில் புளிப்பு மிட்டாய், வண்டி ட்ர்ர் கடக் சலங் என்றது. தானாக. நான் போடவில்லை. அப்பா பாதி திரும்பி, ஏலே, அன்னைக்கிவிட இன்னைக்கி நல்லாருக்கே, செயின் இழுக்கிறதெல்லாம் சேத்துப் போடுத என்றார். நான் போடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மிட்டாயை ஒதுக்கிவிட்டு ஒரு வார்த்தை. யப்பா, இது நான் இல்ல. சொல்லவில்லை. ஏனென்றால் அது அவ்வளவு அருமையான சத்தம். என்னுடையதைவிட நல்ல சத்தம். அதை நான் செய்ததாக அப்பா நினைக்கிறார், பாராட்டுகிறார், வந்த பாராட்டை எவன் திருப்பிக் கொடுப்பான். எப்படி யப்பா என்றேன். அப்பா தலையை ஆட்டினார், பெரிய ஆளுதாம்ல என்றார். அதற்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தை வீட்டில் உட்கார்ந்து பழகினேன். வண்டியிலிருந்து நான் கற்றுக்கொண்டேன், என்னிடமிருந்து வண்டி கற்றுக்கொள்ளவில்லை. மூன்று தடவை அப்பா இங்கே இதே கடைக்கு வந்திருக்கிறார். இருதயராஜ் அண்ணன் ஓட்டிப் பார்ப்பார், சத்தம் வராது. மூன்றாவது தடவை, நானும் கூட இருந்தேன், அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அண்ணாச்சி, கோளாறு வண்டியில இல்ல, பின் சீட்டுல இருக்கு என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும். ரொம்ப நேரம் சிரித்தார் அப்பா, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு, அப்பாடா என்கிற மாதிரி. அந்த அப்பாடா இப்போது என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு நான் இல்லண்ணே, நான் ஆடியில மூணு தடவதான் போட்டேன், மிச்சமெல்லாம் வண்டி என்று சொல்லியிருந்தால் இவர் அன்றைக்கே வண்டியைப் பிரித்திருப்பார். ஆவணி. டாக்டர் சொன்ன அப்பவே என்பது அதுதான்.

இங்க வா என்கிறார் அண்ணன். சாக்குக்குப் பக்கத்தில் குந்துகிறேன். அவர் ஒரு தண்டைத் தூக்கிக் காட்டுகிறார், அதில் வரிசையாகப் பல் சக்கரங்கள். துணியால் துடைக்கிறார். நாலு கியர், பாத்தியா, இது ரெண்டாவது. அது மட்டும் பல் நுனியெல்லாம் மழுங்கி, கழுவி வைத்த எவர்சில்வர் மாதிரி பளபளக்கிறது. இது மூணு, இது நாலு. அவை இரண்டும் கம்பெனியிலிருந்து வந்த சாம்பல் நிறத்தில், பல்லுக்குப் பல் அப்படியே, ஆள் குடியேறாத வீடு மாதிரி இருக்கின்றன. இருதயராஜ் அண்ணன் மெதுவாகச் சொல்கிறார், நடுநடுவே கேட்டியா என்று போட்டுச் சொல்கிறார், அது அவர் பேச்சு, முப்பத்து ஏழாவது குரல். கேட்டியா, ரொம்ப நாளா உங்க அப்பா மூணாம் கியருக்கே போகல. ரெண்டுலயே முப்பது ஊரும் போயிருக்காரு. அதான் இன்ஜின் கொதிச்சு, ரிங்கு தேஞ்சு, ஆயில் மேல ஏறி எரிஞ்சிருக்கு. கேட்டியா, கிளட்ச் வயர் நல்லாருக்கு, பிளேட்டு கருகிப் போச்சு, இடது கையால பாதி பிடிச்சுப் பிடிச்சு விட்டா அப்படி ஆவும். முழுசாப் பிடிக்கலேன்னா நீ போடுதியே அந்த ட்ர்ர், அது வரும். எனக்கு வராது, உனக்கு வராது. அவர் நிறுத்துகிறார். என் கையைப் பார்க்கிறார். நான் எப்போது இடது கையை மடக்கினேன் என்று தெரியவில்லை. வண்டியில ஒண்ணும் இல்ல தம்பி, கை இழுக்கல. கியர் மாத்த முடியாம ஒரே கியர்ல ஓட்டியிருக்காரு மனுசன். நான் தலையாட்டுகிறேன். பிறகு அவர் தன்னிடமே சொல்கிற மாதிரி, மூணு தடவ எங்கிட்ட வந்தாரு, நாந்தான் ஏறி ஓட்டிப் பாத்தேன், அவர ஓட்டச் சொல்லிப் பின்னால உக்காரல என்கிறார். கஸ்டமர் வண்டியை மெக்கானிக்தான் ஓட்டிப் பார்ப்பான், அதுதான் முறை, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான். அண்ணாச்சிட்ட என்னன்னு சொல்ல, நீயே சொல்லு என்கிறார். லேத் பட்டறை வரைக்கும் போயிட்டு வாரேன், அதுக்குள்ள யோசி என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், போனை ஸ்பேனர் பலகையிலேயே வைத்துவிட்டு.

யோசி. யோசிப்பது ஊய்ய்ய் என்று ஒரே கியரில் அலறுகிறது, நகரவில்லை. வண்டிதான் கோளாறு என்று வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா ஜெயிப்பார். அம்மா வாயை மூடிக்கொள்வாள், பிறகு யார் மேல் கோபப்படுவாள் என்று தெரியாமல் பாத்திரத்தை உருட்டுவாள். கைதான் என்று சொன்னால் அம்மா ஜெயிப்பாள், ஜெயித்துவிட்டு இன்னும் அழுவாள். கைதான், ஆனால் அந்தக் கையை மூடி மறைத்தது என் வாய் என்று சொன்னால் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். அப்பா என்ன நினைத்திருப்பார், பையன் விளையாடுகிறான், அதனால் நமக்கு ஒன்றும் இல்லை, அப்பாடா. நான் அவருக்கு அந்த அப்பாடாவைக் கொடுத்தேன், ஐந்து மாதம், தினமும். இடது கையால் சாக்கின் மேல் கிடக்கிற கிளட்ச் பிடியை எடுத்து விரலை வைத்துப் பார்க்கிறேன், நாலு விரல் வைத்தால் எனக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு விரல். ஒரு விரல். இங்கே எங்கேயோ ஒரு இடத்தில் அப்பா இருந்திருக்கிறார், இந்த விரலுக்கும் அந்த விரலுக்கும் நடுவில். அப்புறம் ஒன்று தட்டுகிறது, நிற்கிறது. நான் சனி ஞாயிறுதான் பின்னால் உட்காருவேன். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பின் சீட்டில் யார் இருந்தார்கள். ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டி சத்தம் போடாது. நான் வகுப்பில் ஹெட்மாஸ்டர் தும்மலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆளில்லாத கரிசல் காட்டு ரோட்டில், அப்பா தனியாக, ட்ர்ர் கடக் சலங். யார் போட்டதென்று நினைத்தார். நினைப்பு அந்த இடத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, பல்லும் பல்லும் சிக்கிக்கொண்ட மாதிரி நிற்கிறது, பின்னாலும் வர மாட்டேன் என்கிறது. எதிரே கேட் மணி அடிக்கிறது, வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கின்றன, எல்லாமும் சத்தமில்லாமல் நியூட்ரலுக்கு வருகின்றன. பலகையில் அண்ணன் போன் அதிர ஆரம்பிக்கிறது. செந்தட்டி அண்ணாச்சி என்று எழுத்து ஓடுகிறது. ஸ்பேனர்களெல்லாம் கிணிகிணி என்று கூடவே ஆடுகின்றன.

எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன், எடுத்த பிறகு என்ன குரலில் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது, சொல்லுங்க அண்ணாச்சி என்று கரகரப்பாக, அடித்தொண்டையில், இருதயராஜ் அண்ணன். எனக்கு ஒரு கணம் பழைய சந்தோஷம்கூட வந்தது, ஐயோ எவ்வளவு கச்சிதம் என்று. திட்டமும் வந்தது கூடவே, வண்டிதான் அண்ணாச்சி கோளாறு என்று இந்தக் குரலிலேயே சொல்லி முடித்துவிடலாம், மெக்கானிக்கே சொன்ன பிறகு யார் கேள்வி கேட்பார்கள். ஆனால் அப்பா முந்திக்கொண்டார். தலையணையில் போன் சாய்த்து வைத்திருக்க வேண்டும், மூச்சு சத்தம் பெரிதாகக் கேட்டது. இருதயம், பய பக்கத்துல நிக்கானா என்றார்.

இல்ல அண்ணாச்சி, டீ வாங்கப் போயிருக்கான்.

அவ தண்ணி பிடிக்கப் போயிருக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ள போன் போட்டுக் குடுத்துச்சு, அவ வாரதுக்குள்ள சொல்லிருதேன் என்றார் அப்பா. பேச்சுக்கு நடுவில் அவருக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்கும், ஒவ்வொரு வாக்கியத்தையும் மேட்டில் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி பேசுவார். பிரிச்சுப் பாத்திருப்ப, உனக்குத் தெரிஞ்சிருக்கும். என் கைதான். எனக்கு ஆடியிலயே தெரியும்ப்பா. பயந்துட்டேன். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு படுத்துட்டா வேலைக்கு என்ன பண்ண, நாளைக்குப் பாப்போம் நாளைக்குப் பாப்போம்னு ஓட்டிட்டேன். இவன் பின்னால உக்காந்து சத்தம் போடுவாம்லா, அது எனக்கு வசதியாப் போச்சு. வண்டி சத்தம் போட்டாலும், ஏலே நீதானேன்னு அவம் மேல போட்டுருவேன். அவனும் ஆமான்னு சிரிப்பான். அவன் போடல, எனக்குத் தெரியும். அப்பா நிறுத்தினார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாரா என்று ஒரு நினைப்பு ஓடியது, இல்லை, கண்டுபிடித்திருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். பய இப்ப ஒரு மாசமா வீட்டுல ஒரு சேட்ட பண்ண மாட்டேங்கான் என்றார். ஆட்டுக் குரல்கூடப் போடல. தன்னாலதான்னு நினைக்கான். அதனாலதாம்ப்பா நான் வண்டி வண்டின்னு கெடந்து கத்துதேன், அவ எங்கிட்ட சண்ட போட்டாலும் போட்டுட்டுப் போறா. அதான் உன்னப் பிரிக்கச் சொன்னேன். நீ சொன்னா நம்புவான். வண்டிதான் கோளாறுன்னு அவன்ட்ட சொல்லிரு.

சரி அண்ணாச்சி என்றேன். கேட்டியா போடாமல் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது, போட்டேன். கேட்டியளா அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்.

எப்படிச் சொல்லுவ என்றார் அப்பா. வெடுக்குன்னு சொன்னா கண்டுபிடிச்சிருவான், அவன் குரல வச்சே ஆள எடை போட்டுருவான். எங்கிட்ட ஒரு தடவ சொல்லிக் காட்டு.

ரயில் வந்துகொண்டிருந்தது, தரை லேசாக நடுங்கியது. சாக்கின் மேல் மூன்றாம் கியரும் நான்காம் கியரும் பல் தேயாமல் கிடந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில், இருதயராஜ் அண்ணன் என்னிடம் பேசுகிற மாதிரி அப்பாவிடம் சொன்னேன். கேட்டியா தம்பி, உங்க அப்பா கைக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் வண்டிக் கோளாறு. நீயும் ஒண்ணும் பண்ணல. வாய் மூடவில்லை, இன்னும் ஏதோ சொல்ல வந்தது, அது யார் குரலில் வரும் என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டேன்.

ஆங், அதுதான், அந்தக் கடைசியில சொன்ன பாரு, அதுதான் முக்கியம் என்றார் அப்பா. அவர் குரல் இறங்கிவிட்டது, ஏதோ ஒரு மேடு முடிந்த மாதிரி. ஆனா கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லணும் இருதயம், அப்பத்தான் நம்புவான். எங்க, சிரி பாப்போம்.

இருதயராஜ் அண்ணன் வாயால் சிரிக்க மாட்டார், மூக்கால் மூன்று தடவை ஊதுவார், தோள் மட்டும் ஏறி இறங்கும். முதலாவதை ஊதினேன். இரண்டாவதை ஊதினேன். அந்தப் பக்கம் அப்பா மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டிருக்கிற மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.